ஐரோப்பிய முதலீட்டு வங்கியிடம் கணக்குக் கேட்பது எப்படி: காலநிலை, வரி இரண்டுக்கும் ஒரு முழு வழிகாட்டி

பெரிய பொதுத்துறை வங்கி எது என்று கேட்டால் பலரும் உலக வங்கி என்றுதான் சொல்வார்கள். கடன் கொடுப்பதில் அதற்குச் சளைக்காத இன்னொன்று லக்சம்பர்கில் இருக்கிறது. அதுதான் ஐரோப்பிய முதலீட்டு வங்கி. 1958-ல் தொடங்கியது. 2024-ல் மட்டும் அதன் குழுமம் சுமார் 8,900 கோடி யூரோவுக்குக் கையெழுத்துப் போட்டது. பெங்களூரு மெட்ரோவுக்கும் அதன் கடன் வந்திருக்கிறது. ஆனாலும் ஐரோப்பாவிலேயே தெருவில் போகிறவரைக் கேட்டால் பெயர் தெரியாது. வங்கிக்கு அது வசதி.

தன்னை 'காலநிலை வங்கி' என்று அது சொல்லிக்கொள்கிறது. வரி ஏய்ப்புக்கும் வரித் தவிர்ப்புக்கும் துணைபோக மாட்டோம் என்றும் கொள்கை வைத்திருக்கிறது. இந்த இரண்டு வாக்கையும் காப்பாற்றுகிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பது எப்படி, காப்பாற்றாவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஊர்க்காரர், பத்திரிகையாளர், சிறிய தன்னார்வ அமைப்பு என யாருக்கும் இது பயன்படும். சட்டப் படிப்பு தேவையில்லை, பொறுமை தேவை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "பூமியை அழிக்காதே" என்று எழுதும் கடிதத்துக்கு வங்கி பணிவாக ஒரு பதில் அனுப்பும், அத்தோடு கதை முடியும். "உங்கள் கொள்கையின் இந்தப் பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள், இந்தத் திட்டத்தில் அதைச் செய்தீர்களா?" என்று கேட்டால் அதை ஒதுக்கித் தள்ள முடியாது. அது எழுதிக் கொடுத்ததை வைத்தே அதைப் பிடிக்க வேண்டும். அதுவும் கடன் கையெழுத்தாவதற்கு முன்னால்.

யாருடைய வங்கி என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள்தான் பங்குதாரர்கள். ஒப்புக்கொண்ட மூலதனம் சுமார் 24,880 கோடி யூரோ. அதில் கொஞ்சம்தான் ரொக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. மீதி, தேவைப்பட்டால் தருகிறோம் என்ற அரசுகளின் உத்தரவாதம். அந்த உத்தரவாதத்தின் பலத்தில்தான் வங்கி சந்தையில் மலிவாகக் கடன் வாங்கி, மலிவாகக் கடன் கொடுக்கிறது. ஆகவே ஒரு நிறுவனத்துக்கு இந்த வங்கியின் கடன் கிடைக்கிறது என்றால், 27 நாட்டு வரிப்பணத்தின் நம்பகத்தன்மை அதற்கு மலிவு வட்டியாக மாறுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட நிறுவனம் வரி கட்டாமல் நழுவினால் கோபம் வருவது நியாயம்தானே.

அதிகாரம் எங்கே இருக்கிறது? மேலே ஆளுநர் குழு. பெரும்பாலும் நிதி அமைச்சர்கள். அதற்குக் கீழே இயக்குநர் வாரியம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் இயக்குநர், ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒருவர். கடனுக்கு ஒப்புதல் தருவது இந்த வாரியம். அன்றாட நிர்வாகம் தலைவரிடமும் எட்டுத் துணைத் தலைவர்களிடமும் இருக்கிறது. 2024 ஜனவரி முதல் தலைவர் ஸ்பெயினின் நாதியா கல்வினோ. கடிதம் என்றால் எல்லாரும் தலைவருக்குத்தான் எழுதுவார்கள். நீங்கள் வாரிய இயக்குநருக்கும் எழுதுங்கள். அவர் ஒரு நாட்டின் நிதி அமைச்சகத்திலிருந்து வருகிறவர். அந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அமைச்சரிடம் கேள்வி கேட்டால் அது இவர் மேசைக்குத்தான் வந்து சேரும்.

இன்னொரு பிடி பலருக்குத் தெரியாது. வங்கியின் சட்டவிதிகளின் 19-வது பிரிவுப்படி ஒவ்வொரு கடனுக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆணையம் எதிர்மறையாகச் சொன்னால், வாரியம் ஒருமனதாக இருந்தால்தான் கடன் போகும், அதிலும் ஆணையத்தின் இயக்குநர் வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும். ஆணையம் அப்படிச் சொல்வது அபூர்வம். ஆனால் ஆணையத்தின் மேசையில் உங்கள் தாள் அதற்கு முன்பே இருந்தால், உள்ளே ஒருவர் கேள்வி கேட்கக் காரணம் கிடைக்கும்.

எழுத்தில் இருப்பதைச் சேகரியுங்கள்

காலநிலைப் பக்கம் வங்கி நிறையவே எழுதிக் கொடுத்திருக்கிறது. 2013-ல் மின்நிலையங்களுக்கு ஓர் உமிழ்வு வரம்பு வைத்தார்கள்: ஒரு யூனிட்டுக்கு 550 கிராம் கார்பன் டை ஆக்சைடு. சாதாரண நிலக்கரி மின்நிலையம் அதில் தேறாது. அந்த விதிக்கு முன்பே ஸ்லொவேனியாவின் ஷோஷ்டான் பழுப்பு நிலக்கரி மின்நிலையத்துக்கு 55 கோடி யூரோ கடன் போய்விட்டது; பிறகு அந்தத் திட்டத்தின் செலவு எகிறியது, ஊழல் விசாரணையும் வந்தது. 2019 நவம்பரில் வரம்பை 250 கிராமுக்கு இறக்கினார்கள். உமிழ்வைக் குறைக்க வழிசெய்யாத புதைபடிவ எரிபொருள் திட்டங்களுக்கு 2021 முடிவோடு கடன் கிடையாது என்றும் அறிவித்தார்கள். மறு ஆண்டு வந்த 2021–2025 காலநிலைப் பாதை, 2025-க்குள் கடனில் பாதிக்கு மேல் காலநிலைக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்றது. விமான நிலைய விரிவாக்கத்துக்குக் கை விரித்தது. 2021 அக்டோபரில் கடன் வாங்கும் நிறுவனங்களுக்கே ஒரு சட்டகம் வந்தது: திட்டம் பசுமையாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் செய்யும் நிறுவனத்துக்கும் பாரிஸ் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகும் திட்டம் இருக்க வேண்டும்.

எரிவாயு நெருக்கடி வந்த 2022-ல் இந்தக் கடைசி விதிக்கே தற்காலிக விலக்குக் கொடுத்தார்கள். எண்ணெய், எரிவாயு நிறுவனங்களும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திட்டத்துக்காக வரலாம் என்றானது. விதியைப் படிக்கும்போதே விலக்கையும் தேடிப் படியுங்கள். வங்கி பதில் எழுதும்போது முதலில் எடுப்பது அதைத்தான்.

வரிப் பக்கத்தில் முக்கியமான தாள் ஒன்றுதான்: 2019-ல் திருத்திய, ஒத்துழைக்காத வரி எல்லைகள் (வரி விஷயத்தில் மற்ற நாடுகளோடு ஒத்துழைக்காத நாடுகள்) பற்றிய கொள்கை. கறுப்புப் பட்டியலில் உள்ள ஒரு நாட்டில் பதிவான நிறுவனத்தோடு பொதுவாக ஒப்பந்தம் போட மாட்டார்கள். திட்டமே அந்த நாட்டில்தான் நடக்கிறது என்றால் விலக்கு உண்டு. மற்றபடி கம்பெனியை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு வா என்று சொல்ல வேண்டும். வரித் தவிர்ப்புக்கான அறிகுறி தெரிந்தால் கூடுதலாக ஆராய வேண்டும்.

ஓட்டை எங்கே என்றால், பட்டியலில். ஐரோப்பிய ஒன்றியத்தின் கறுப்புப் பட்டியல் 2017 டிசம்பரில் வந்தது. அது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளை மட்டுமே பார்க்கும்படி அமைந்தது. பனாமா இருக்கிறது, வனுவாட்டு இருக்கிறது. லக்சம்பர்க், நெதர்லாந்து, அயர்லாந்து இருக்கவே முடியாது. அயர்லாந்தில் ஆப்பிள் பெற்ற வரிச் சலுகை சட்டவிரோத அரசு உதவி, 1,300 கோடி யூரோ திருப்பிக் கட்டு என்ற முடிவை ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் உறுதி செய்தது. அப்போதும் பட்டியலுக்கு அதில் வேலை இல்லை. ஆகவே "பட்டியலில் உள்ள நாடு எதுவும் இதில் இல்லை" என்று வங்கி பதில் சொன்னால், அது உண்மையாகவே இருக்கும், உங்கள் கேள்விக்குப் பதிலாக இருக்காது. கேள்வியை அதற்கேற்ப அமைக்க வேண்டும். கீழே வருகிறேன்.

நடைமுறைக் குறிப்பு ஒன்று: கொள்கைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கடன் ஒப்புதல் பெற்ற நாளில் எந்தப் பதிப்பு அமலில் இருந்ததோ அதுதான் கணக்கு. அந்தப் பதிப்பைத் தரவிறக்கி, தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

திட்டத்தைச் சீக்கிரம் பிடியுங்கள்

வங்கியின் தளத்தில் திட்டங்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை உண்டு: பரிசீலனையில், ஒப்புதல் ஆனது, கையெழுத்தானது. பெரும்பாலான திட்டங்களின் சுருக்கம் வாரியக் கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் வெளியாக வேண்டும். அந்த மூன்று வாரம்தான் தங்கம். ஒப்புதலுக்குப் பிறகு வங்கி தன் முடிவைத் தானே நியாயப்படுத்தப் பார்க்கும். கையெழுத்துக்குப் பிறகு ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். அப்போது பணம் தவணையாகப் போவதை நிறுத்தச் சொல்லி மட்டுமே கேட்கலாம். முழுப் பணமும் போய்விட்டால் அந்தப் பிடியும் நழுவிவிடும்.

வாரம் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். திட்டப் பக்கத்தில் கடன் வாங்குபவர் பெயர், தொகை, மொத்தச் செலவு, சுற்றுச்சூழல் பற்றி இரண்டு வரி இருக்கும். கடன் வாங்குபவர் பெயருக்குப் பதிலாக 'சிறப்பு நோக்க நிறுவனம்' (ஒரே ஒரு திட்டத்துக்காகத் தொடங்கிய கம்பெனி) என்றோ 'பெயர் பின்னர் தெரிவிக்கப்படும்' என்கிற ரீதியிலோ இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புதலுக்குப் பிறகு சுற்றுச்சூழல், சமூகத் தரவுத் தாள் ஒன்று வரும். சில பக்கம்தான், ஆனால் அதில்தான் எண்கள் இருக்கும்.

இடைத்தரகர் வழியாகப் போகும் கடன் வேறு ரகம். வங்கி இன்னொரு வணிக வங்கிக்கோ முதலீட்டு நிதியத்துக்கோ மொத்தமாகப் பணம் தரும். அவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள். கடைசியில் யார் கைக்குப் போனது என்று வெளியாருக்குப் பெரும்பாலும் தெரியாது. வங்கியின் 2022 சமூக, சுற்றுச்சூழல் தரநிலைகளில் 11-வது இதற்கென்றே இருக்கிறது. ஆரம்பிக்கிறவர்கள் இந்த வகையில் கை வைக்காதீர்கள் என்பேன். நேரடிக் கடன் ஒன்றில் தொடங்கிப் பழகுங்கள்.

கார்பன் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

ஆண்டுக்கு 20,000 டன்னுக்கு மேல் உமிழும், அல்லது அந்த அளவுக்குக் குறைக்கும் திட்டங்களுக்கு வங்கி கார்பன் தடம் கணக்கிடுகிறது. இரண்டு எண் வரும். ஒன்று மொத்த உமிழ்வு: திட்டம் ஆண்டுக்கு எவ்வளவு கக்கும். இன்னொன்று ஒப்பீட்டு உமிழ்வு: திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதோடு உள்ள வித்தியாசம். வித்தை எல்லாம் இரண்டாவதில்தான்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் எரிவாயு மின்நிலையம் யூனிட்டுக்கு 350 கிராம் வீதம், ஆண்டுக்கு 100 கோடி யூனிட் தயாரிக்கிறது. மொத்த உமிழ்வு 3.5 லட்சம் டன். 'இது இல்லாவிட்டால் பழைய நிலக்கரி நிலையம் 900 கிராம் வீதம் ஓடியிருக்கும்' என்று வைத்துக்கொண்டால், அது 9 லட்சம் டன். ஆக, திட்டம் 5.5 லட்சம் டன் 'மிச்சப்படுத்துகிறது'. அதையே 'இது இல்லாவிட்டால் காற்றாலையும் சூரிய மின்சாரமும் வந்திருக்கும்' என்று வைத்தால் மிச்சம் எதுவும் இல்லை, 3.5 லட்சம் டன் கூடுதல். மின்நிலையம் ஒன்றேதான், வைத்துக்கொண்ட அனுமானம்தான் அதைப் பசுமையாக்கியது, கறுப்பாக்கியது. இப்போதைய 250 கிராம் வரம்பில் இந்த நிலையம் தேறாது. ஆனால் எரிவாயுக் குழாய், சாலை, துறைமுகம், தொழிற்சாலை என்று இதே வித்தை வேறு உடையில் வரும்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது அடிப்படை நிலை என்ன, அதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான். அடுத்தது எல்லைக்கோடு. கணக்கு பொதுவாகத் திட்டத்தின் நேரடி உமிழ்வையும் அது வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வையும்தான் பார்க்கும். ஒரு குழாய்த்திட்டம் என்றால் எரிவாயுவை அழுத்தித் தள்ளும் அமுக்கி நிலையம் கக்குவது கணக்கில் வரும்; குழாயில் போன எரிவாயு கடைசியில் அடுப்பிலும் ஆலையிலும் எரிந்து கக்குவது வராது. 2018-ல் டிரான்ஸ் ஏட்ரியாட்டிக் எரிவாயுக் குழாய்க்கு வங்கி 150 கோடி யூரோ கொடுத்தபோது எழுந்த சண்டைகளில் இந்த எல்லைக்கோடும் வழியில் கசியும் மீத்தேனும் பெரிய இடத்தைப் பிடித்தன.

மூன்றாவது, கார்பனின் நிழல் விலை. வங்கி தன் பொருளாதார ஆய்வில் ஒரு டன் கார்பனுக்கு 2030-ல் 250 யூரோ, 2050-ல் 800 யூரோ என்று விலை போட வேண்டும் என எழுதி வைத்திருக்கிறது. மேலே சொன்ன மின்நிலையத்தில் 3.5 லட்சம் டன்னை 250-ஆல் பெருக்குங்கள்: ஆண்டுக்கு 8.75 கோடி யூரோ சமூகச் செலவு. இதைக் கழித்த பிறகும் திட்டம் லாபமா? "இந்த விலையைப் போட்டுப் பார்த்தீர்களா, விடை என்ன வந்தது?" என்று ஒற்றை வரியில் கேளுங்கள். இதைவிடச் சங்கடமான கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் அந்த விலையை வைத்தது வங்கியே.

வரிக்கு வங்கிக்கு வெளியே தேடுங்கள்

கார்பனுக்கு வங்கி எண் வெளியிடும். வரிக்கு எதுவும் வெளியிடாது. "உரிய ஆய்வு செய்தோம்" என்பதுதான் மொத்தப் பதிலாக இருக்கும். எனவே தகவலை வேறு இடத்தில் திரட்டிக்கொண்டு போய்த்தான் வங்கியிடம் பேச வேண்டும்.

முதலில் உரிமைச் சங்கிலியை வரையுங்கள். கடன் வாங்கும் கம்பெனி யாருடையது, அது யாருடையது என்று மேலே போய்க்கொண்டே இருங்கள். பிரிட்டனின் கம்பெனிப் பதிவகம் இலவசம். லக்சம்பர்க் வணிகப் பதிவகத்திலும் ஆண்டுக் கணக்குகளைத் தரவிறக்கலாம். உண்மையான உரிமையாளர் யார் என்ற பதிவேடு கொஞ்ச காலம் எல்லாருக்கும் திறந்திருந்தது. 2022 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் திறப்பைச் செல்லாது என்றதும் பல நாடுகள் மூடிவிட்டன. இப்போது நியாயமான அக்கறை இருப்பதாகக் காட்டினால் பத்திரிகையாளர்களுக்கும் அமைப்புகளுக்கும் அணுகல் தர வேண்டும் என்ற நிலை. கேட்டுப் பாருங்கள்.

கணக்குத் தாள் கிடைத்ததும் எங்கே பார்ப்பது? லாபத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஊழியர் எண்ணிக்கை. கோடிக்கணக்கில் பணம் புரளும் கம்பெனியில் ஊழியர் பூஜ்யம் என்று இருந்தால் அங்கே ஒரு கோடு போடுங்கள். அடுத்து, குழுமத்துக்குள்ளேயே வாங்கிய கடனும் அதன் வட்டியும். அப்புறம் நிர்வாகக் கட்டணம், வணிகப் பெயருக்கான உரிமத் தொகை.

ஒரு காற்றாலைக் கம்பெனி ஆண்டுக்கு 1.2 கோடி யூரோ சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தாய்க் கம்பெனி லக்சம்பர்கில் இருந்துகொண்டு 10 கோடி யூரோவை 10 சதவீத வட்டிக்குக் கொடுத்திருக்கிறது. வட்டி ஒரு கோடி போய்விடும்; மீதி 20 லட்சத்துக்குத்தான் அந்த நாட்டில் வரி. 25 சதவீத வரி என்றால், 30 லட்சம் வர வேண்டிய இடத்தில் 5 லட்சம். அதே கம்பெனி ஐரோப்பிய முதலீட்டு வங்கியிடமிருந்து 3 சதவீதத்துக்குக் கடன் வாங்கியிருந்தால், கேள்வி தானாக எழும்: வெளியில் 3 சதவீதத்துக்குக் கிடைக்கும்போது சொந்தத் தாயிடம் 10 சதவீதத்துக்கு வாங்குவானேன்? பங்குதாரர் கடனில் ஆபத்து அதிகம், அதனால் வட்டியும் அதிகம் என்பார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. எவ்வளவு அதிகம் என்பதுதான் கேள்வி, அதற்கு வங்கியிடம் விடை இருக்க வேண்டும். சுத்தமான காற்றாலையாக இருந்தாலும் இந்தக் கேள்வி மாறாது. பசுமைத் திட்டம் என்பதால் வரியில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்திலும் இருக்கிறது.

பட்டியல் பிரச்சினைக்கு இங்கேதான் மாற்று. "கறுப்புப் பட்டியல் நாடு இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "உரிமைச் சங்கிலியில் இந்தக் கம்பெனி எதற்காக இருக்கிறது, அதற்கு அலுவலகமும் ஊழியரும் உண்டா, குழுமத்துக்குள் உள்ள கடனின் வட்டியை நீங்கள் ஆராய்ந்தீர்களா?" என்று கேளுங்கள்.

நாடு வாரியான கணக்கு இன்னொரு ஆயுதம். ஐரோப்பிய வங்கிகள் எந்த நாட்டில் எவ்வளவு வருமானம், எத்தனை ஊழியர், எவ்வளவு வரி என்று ஏற்கெனவே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இடைத்தரகர் கடன் வாங்கும் வங்கிகளை இதை வைத்துப் பார்க்கலாம். ஆண்டு வருமானம் 75 கோடி யூரோவைத் தாண்டும் மற்றப் பெருங்குழுமங்களுக்கும் 2021-ல் வந்த ஐரோப்பிய உத்தரவால் இது கட்டாயமாகிறது. 2024 ஜூன் 22-க்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து. ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே, கறுப்புப் பட்டியலில் இல்லாத நாடுகளின் கணக்கை ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டிவிடலாம். ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ நடக்கும் திட்டத்துக்கு இதனால் பயன் குறைவு.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. வரி ஏய்ப்பு குற்றம். வரித் தவிர்ப்பு பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டது. கணக்குத் தாளை வைத்து மட்டும் ஏய்ப்பு என்று எழுதினால் அவதூறு வழக்கு வரும். தாளில் உள்ளதை மட்டும் சொல்லி, நிறுவனத்துக்கு முன்கூட்டியே கேள்வி அனுப்பி, பதிலையும் சேர்த்து வெளியிடுங்கள்.

மொபானி: தாமதமானால் என்ன ஆகும்

சாம்பியாவின் மொபானி செம்புச் சுரங்கம் இந்தத் துறையில் எல்லாரும் படிக்கும் கதை. 2005-ல் முஃபுலிராவில் உள்ள உருக்காலைக்காக வங்கி 4.8 கோடி யூரோ கொடுத்தது. சுரங்கத்தின் பெரும்பங்கு அப்போது சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் என்ற சுரங்க, வணிக நிறுவனத்திடம் இருந்தது. 2011-ல் சாம்பிய வரித்துறைக்காகச் செய்யப்பட்ட ஒரு தணிக்கை கசிந்தது. செம்பைச் சொந்தக் குழுமத்துக்கே குறைந்த விலைக்கு விற்று லாபத்தை வெளியே தள்ளுகிறார்கள் என்ற சந்தேகம் அதில் இருந்தது, நிறுவனம் மறுத்தது. அமைப்புகள் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும், பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை விதிகளுக்கான ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) தொடர்பு மையங்களில் புகார் கொடுத்தன. அதே ஆண்டின் நடுவில் கிளென்கோர் குழுமத்துக்குப் புதுக் கடன் கிடையாது என்று வங்கி அறிவித்தது.

அது வரைக்கும் சரி. ஆனால் பழைய கடன் எப்போதோ போய்விட்டது. வங்கி உள்விசாரணை நடத்தியது. அறிக்கையை வெளியிடச் சொல்லி விவகாரம், ஒன்றிய நிறுவனங்களின் நிர்வாகக் குறைகளை விசாரிக்கும் ஐரோப்பிய ஆம்புட்ஸ்மன் வரை போனது, வங்கி தரவில்லை. 2006 முதல் 2009 வரையான கணக்குகளுக்காகச் சாம்பிய வரித்துறை கேட்ட வரி பற்றிய வழக்கில் 2020-ல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மொபானி 24 கோடி குவாச்சா (சாம்பிய நாணயம்) வரி கட்ட வேண்டும். கடன் கொடுத்துப் பதினைந்து ஆண்டு கழித்து. விற்பனை யாருக்கு, எந்த விலைக்கு என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் 2005-ன் வாரியக் கூட்டம்.

ஆவணம் கேட்டு மனுப் போடுங்கள்

ஆர்.டி.ஐ. மனுப் போட்டுப் பழக்கம் இருந்தால் இது கஷ்டமே இல்லை. காரணம் சொல்ல வேண்டாம். வங்கி 15 வேலை நாளில் பதில் தர வேண்டும், சிக்கலானது என்றால் அவகாசம் நீட்டலாம். மறுத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்குக் கெடு உண்டு என்பதால் மறுப்பு வந்த வாரமே எழுதிவிடுங்கள்.

"திட்டம் தொடர்பான எல்லா ஆவணமும் வேண்டும்" என்று கேட்காதீர்கள். ஒட்டுமொத்தமாக மறுக்க அதுவே காரணமாகும். இப்படிக் கேளுங்கள்:

"இந்தத் திட்டத்துக்கு வங்கி கணக்கிட்ட ஆண்டு மொத்த உமிழ்வும் ஒப்பீட்டு உமிழ்வும், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அடிப்படை நிலை பற்றிய பக்கம், கார்பனின் நிழல் விலையைச் சேர்த்துக் கணக்கிட்ட பொருளாதார வருவாய் வீதம், ஒத்துழைக்காத வரி எல்லைகள் கொள்கையின் கீழ் கடன் வாங்குபவரைப் பற்றிச் செய்த ஆய்வின் தேதியும் முடிவும். ஏதேனும் பகுதியைத் தர இயலாது எனில் அந்தப் பகுதியை மட்டும் மறைத்து மீதியைத் தரவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வணிக ரகசியம் என்பதுதான் வங்கி அடிக்கடி எடுக்கும் கேடயம். ஆனால் சுற்றுச்சூழலுக்குள் வெளியேறும் உமிழ்வு பற்றிய தகவலுக்கு அந்தக் கேடயம் செல்லாது: சுற்றுச்சூழல் தகவல் பெறும் உரிமைக்கான ஆர்ஹுஸ் ஒப்பந்தத்தை ஒன்றிய நிறுவனங்களுக்குப் பொருத்தும் 2006-ன் 1367-ஆம் ஒழுங்குமுறை, அங்கே பொதுநலன் மேலோங்குவதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. உமிழ்வுக் கேள்வியைத் தனி மனுவாகவும் வரிக் கேள்வியைத் தனி மனுவாகவும் போடுவது நல்லது. ஒன்றில் பலமான சட்டம் உங்கள் பக்கம், இன்னொன்றில் இல்லை. சேர்த்துப் போட்டால் பலவீனமானது பலமானதையும் இழுத்துவிடும்.

புகார் கொடுங்கள்

வங்கிக்குள்ளேயே புகார்ப் பிரிவு இருக்கிறது. யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்தும் கொடுக்கலாம். நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விஷயம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். பெயரில்லாப் புகார் எடுக்க மாட்டார்கள். பெயரை வெளியிடாதீர்கள் என்று கேட்கலாம், ஊரில் மிரட்டல் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். லஞ்சம், மோசடி என்றால் வழி வேறு: அது விசாரணைப் பிரிவுக்குப் போகும்.

புகாரின் முதுகெலும்பு ஒரே வாக்கியம்: இந்தக் கொள்கையின் இந்த விதி, இந்தத் திட்டத்தில் இப்படி மீறப்பட்டது. 'கெட்ட திட்டம்' என்பது புகார் ஆகாது. வங்கி தன் விதியைப் பின்பற்றவில்லை என்பதுதான் புகார். என்ன தீர்வு வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தவணையை நிறுத்து, கார்பன் கணக்கைத் திரும்பப் போடு, ஆய்வு முடிவை வெளியிடு என்பது போல.

பலன் கிடைக்குமா? நேபாளத்தில் மர்சியாங்டி மின்கடத்திப் பாதைக்காக நிலத்தையும் வாழ்விடத்தையும் இழக்கவிருந்த பழங்குடிச் சமூகங்கள் 2018-ல் கொடுத்த புகாரில், முன்கூட்டிய சம்மதம் பெறுவது தொடர்பான வங்கியின் தரநிலை பின்பற்றப்படவில்லை என்று புகார்ப் பிரிவே 2021-ல் சொன்னது. கென்யாவின் ஓல்காரியா புவிவெப்ப மின்திட்டத்தில் மாசாய் மக்களின் புகார் மத்தியஸ்தத்தில் போய் 2016-ல் ஒப்பந்தமானது. ஆனால் இந்தப் பிரிவின் முடிவு வங்கியைக் கட்டுப்படுத்தாது, அதன் ஆட்கள் வங்கிச் சம்பளக்காரர்கள், சுற்றுச்சூழல் புகார் ஓராண்டைத் தாண்டுவது சகஜம். வரி பற்றிய புகாரில் தெளிவான வெற்றியை எதிர்பார்க்காதீர்கள். அங்கே புகாரின் முதல் பயன், வங்கியை எழுத்தில் பதில் சொல்ல வைப்பது.

அடுத்த படி: ஆம்புட்ஸ்மன், நீதிமன்றம்

வங்கியின் பதில் திருப்தி இல்லை என்றால் ஐரோப்பிய ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சட்டப்படி ஒன்றியத்தின் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும்தான் புகார் தரலாம். ஆனால் 2008-ல் வங்கியோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒன்றியத்துக்கு வெளியே உள்ள திட்டங்களில் வெளிநாட்டவர் புகாரையும் ஆம்புட்ஸ்மன் தாமாக முன்வந்து எடுக்கலாம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். முதலில் வங்கியிடம் கேட்டிருக்க வேண்டும். அதற்கு ஆதாரமாக உங்கள் மின்னஞ்சல்களை வரிசையாக அடுக்கி வையுங்கள். ஆம்புட்ஸ்மனும் கட்டளையிட முடியாது, பரிந்துரைதான். எனினும் வங்கியின் பெயரைப் போட்டு 'நிர்வாகச் சீர்கேடு' என்று ஒரு பொது ஆவணம் வருவதை வங்கி விரும்புவதில்லை.

நீதிமன்றக் கதவு நீண்ட காலம் பூட்டித்தான் கிடந்தது. அதைத் திறந்தது ஸ்பெயினின் கலீசியாவில் கர்ட்டிஸ் என்ற ஊரில் அமைந்த உயிர்க்கழிவு மின்நிலையம். அதற்கு 2018-ல் வாரியம் கடன் ஒப்புதல் தந்தது. சுற்றுச்சூழல் வழக்குகளை நடத்தும் கிளையண்ட்எர்த் அமைப்பு உள் மறுஆய்வு கேட்டது, அதாவது வங்கியே தன் முடிவைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றது. இது அப்படி மறுஆய்வு செய்யக்கூடிய வகை முடிவே அல்ல என்று வங்கி தள்ளியது. 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் வங்கியின் மறுப்பை ரத்து செய்தது. 2023 ஜூலையில் மேல்முறையீட்டிலும் வங்கி தோற்றது. ஆக, வாரியத்தின் கடன் ஒப்புதல் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு முரண் என்று கருதினால், இரண்டு ஆண்டுக்கு மேல் இயங்கும் சுற்றுச்சூழல் அமைப்பு எட்டு வாரத்துக்குள் உள் மறுஆய்வு கேட்கலாம். அமைப்பு இல்லாதவர்களும் கேட்கலாம், ஆனால் ஐந்து உறுப்பு நாடுகளிலிருந்து 4,000 பேர், நாட்டுக்குக் குறைந்தது 250 பேர், அவர்கள் சார்பில் ஒரு வழக்கறிஞர் அல்லது தகுதியுள்ள அமைப்பு என்று நிபந்தனை உண்டு. எட்டு வாரம் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். திட்டப் பட்டியலை வாரம் ஒருமுறை பார்க்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இந்த வழி சுற்றுச்சூழலுக்கு மட்டும். வரிக்கு இப்படி ஒரு கதவு இல்லை. வரிக் கேள்வியை அரசியல் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும்: ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆண்டுதோறும் வங்கியின் செயல்பாடு பற்றித் தீர்மானம் நிறைவேற்றுகிறது; அது தயாராகும் மாதங்களில், அறிக்கை எழுதும் உறுப்பினரின் உதவியாளருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பலாம். வங்கியைக் கண்காணிக்கும் கவுன்டர் பேலன்ஸ், பேங்க்வாட்ச் போன்ற அமைப்புகளுக்கு இந்த நாட்காட்டி அத்துபடி. தனியாக முட்டிக்கொள்வதைவிட அவர்களோடு சேர்வது மேல். வாரியம் ஆண்டுக்கொருமுறை குடிமைச் சமூக அமைப்புகளைச் சந்திக்கும் கூட்டத்திலும் கேட்கலாம். அங்கே கேள்விக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். ஒரு திட்டத்தின் பெயர், ஒரு விதியின் எண், ஒரு கேள்வி. அதற்கு மேல் எடுத்துப் போகாதீர்கள்.

கடன் கையெழுத்தாகிவிட்டாலும் கோப்பை மூடாதீர்கள். வங்கியைத் தன் ஆய்வில் ஏமாற்றியது பிறகு தெரிந்தால் விளைவு உண்டு. 2009-ல் வோக்ஸ்வாகனுக்குக் கொடுத்த 40 கோடி யூரோ கடனில் நிறுவனம் வங்கியைத் தவறாக வழிநடத்தியதாக ஐரோப்பிய மோசடித் தடுப்பு அலுவலகம் 2017-ல் சொன்னது. கடன் அதற்குள் திருப்பிக் கட்டப்பட்டிருந்தது. 2018 டிசம்பரில் உடன்பாடு: சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு ஒரு கோடி யூரோ, 18 மாதம் வங்கியின் திட்டங்களில் பங்கேற்பு இல்லை. கட்டுமானம் முடிந்ததும் சுற்றுச்சூழல், சமூக நிறைவுத் தாள் ஒன்று வெளியாக வேண்டும். ஒப்புதலுக்குப் பிறகு வந்த தரவுத் தாளில் சொன்ன உமிழ்வையும் இதில் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், புகாருக்கான ஓராண்டுக் கணக்கு அன்றிலிருந்து ஓட ஆரம்பிக்கும்.